கையறிவும் ஏட்டறிவும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

பள்ளிப் படிப்பின் இறுதியை நெருங்கும்போது ஒரு கேள்வி எல்லார் முன்னும் வந்து நிற்கிறது. மேலே படிப்பதா, வேலைக்குச் சென்று தொழிலைக் கற்றுக்கொள்வதா? வேலை தருவோர் பட்டத்தைப் பார்ப்பார்களா, பட்டறிவைப் பார்ப்பார்களா? இக்கேள்விக்கு எல்லார்க்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஆயினும், விடையைத் தேடுவதற்கு முறை உண்டு. ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர்பெற்ற போடிநாயக்கனூரையும் அதற்கு மேற்கே உயர்ந்து நிற்கும் ஏலமலைச் சரிவுகளையும் களமாகக் கொண்டு அம்முறையை ஆராய்கிறது இப்பாடம்.

மலையும் ஊரும்

தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் போடிநாயக்கனூர். மக்கள் இதனைச் சுருக்கமாகப் 'போடி' என்பர். ஊரிலிருந்து புறப்படும் மலைப்பாதை கொண்டையூசி வளைவுகள் பலவற்றைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. அதற்கப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, வண்டன்மேடு எனப் பரந்து கிடக்கும் அம்மலைப்பகுதிக்கு ஏலமலை என்று பெயர். விளைநிலம் மலைமேல், சந்தை மலையடியில். இரண்டையும் இணைப்பவை மலைப்பாதையும் மனித உழைப்பும் ஆகும்.

நாள்தோறும் விடியற்காலையில் போடியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் ஜீப்புகள் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். மாலையில் அதே ஜீப்புகள் கீழிறங்குகின்றன. ஊருக்குள் இருக்கும் கிட்டங்கிகளில் வேறு சில பெண்கள் அமர்ந்து, காய்ந்த ஏலக்காயைத் தரம் பிரிக்கின்றனர். அவர்களின் பிள்ளைகளுள் பலர் இந்த ஊரின் பள்ளிகளில் படிக்கின்றனர். ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் பெயர் தாங்கிய கலைக்கல்லூரி ஒன்றும் அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்றும் இவ்வூரில் உள்ளன. ஆகவே, கைத்தொழிலும் கல்லூரியும் ஒரே தெருவில் எதிர்ப்படும் ஊர் இது. நமது கேள்வியை ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் அரிது.

தெரியுமா?

'ஏலம்' என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருகிறது. மணப்பொருளாகிய ஏலத்தைக் குறிப்பது ஒன்று. பலர் கூடி விலை கேட்கும் விற்பனை முறையைக் குறிப்பது மற்றொன்று. இது போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். இரண்டும் ஒலியால் ஒன்றாயினும் பிறப்பால் வேறானவை. போடியில் நடைபெறும் 'ஏலக்காய் ஏலம்' இவ்விரு சொற்களையும் ஒருசேரத் தாங்கி நிற்கிறது.

கை அறிந்தவை

ஏலச்செடி நிழல் விரும்பும் பயிர். உயர்ந்த மரங்களின் கீழ், ஈரம் மிகுந்த மண்ணில் வளர்வது. இதன் பூச்சரங்கள் தண்டின் உச்சியில் தோன்றுவதில்லை. தூரின் அடியிலிருந்து கிளைத்துத் தரையை ஒட்டிப் படர்கின்றன. எனவே காய் பறிப்பவர் குனிந்தோ அமர்ந்தோதான் பறிக்க வேண்டும். ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் ஒரே நேரத்தில் இருக்கும். முற்றாத காயைப் பறித்தால் உலரும்போது சுருங்கிவிடும். கனியும்வரை விட்டுவிட்டால் உலரும்போது தோல் வெடித்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட பக்குவத்தில் உள்ள காயை மட்டும் தேர்ந்து எடுக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு மாத இடைவெளியில் அதே செடிக்கு மீண்டும் வரவேண்டும். இந்தப் பக்குவத்தை அளக்கத் தோட்டத்தில் கருவி எதுவும் இல்லை. பறிப்பவரின் கண்ணும் விரலுமே கருவிகள்.

பறித்த காய் அன்றே உலர்த்தும் கூடத்துக்குச் செல்கிறது. மலைமக்கள் இதனை 'ஸ்டோர்' என்பர். பச்சைக் காயில் நூற்றுக்கு எண்பது பங்களவு ஈரம் இருக்கும். அதனைப் பத்துப் பங்கு அளவுக்குக் குறைக்க வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்து ஒரு கிலோ ஆகிறது. வெப்பம் 45 முதல் 50 பாகை செல்சியசு அளவில் நிற்க வேண்டும். மிகுந்தால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் விலையும் போய்விடும். குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். வெப்பமானி இருந்தாலும், மழைநாளின் காய்க்கும் வெயில்நாளின் காய்க்கும் வேறுபாடு அறிந்து அனலைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்தவர் அங்கு நெடுநாள் பணியாற்றியவரே. உலர்ந்த காயைக் கையில் அள்ளிக் குலுக்கி, அதன் ஒலியைக் கேட்டே பதம் சொல்பவர்கள் உண்டு.

இத்தகைய அறிவைக் கையறிவு எனலாம். இதற்கு மூன்று இயல்புகள் உண்டு. முதலாவது, இது செய்து செய்து வருவது. சொல்லிக்கொடுத்து மட்டும் வராதது. இரண்டாவது, இதனை உடையவராலேயே முழுமையாக எடுத்துரைக்க இயலாதது. 'எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?' என்று கேட்டால், 'பார்த்தாலே தெரியும்' என்பதே விடையாக வரும். மூன்றாவது, இதற்குச் சான்றிதழ் இல்லை. இருபது ஆண்டுகள் தரம் பிரித்த ஒருவரின் திறமையை அவர் பணிபுரியும் கிட்டங்கி அறியும். அடுத்த ஊர் அறியாது. இந்த மூன்றாவது இயல்பே கையறிவுடையோரின் பெரும் இழப்பு.

ஓர் உழவரின் கண்டுபிடிப்பு

கையறிவு புதியதொன்றைப் படைக்குமா என்னும் ஐயம் எழலாம். அதற்கு ஏலமலையே விடை தருகிறது. இடுக்கி மாவட்டம் கட்டப்பனையைச் சேர்ந்த உழவர் செபாஸ்டியன் ஜோசப். இவர் வேளாண் ஆய்வகம் எதிலும் பணியாற்றியவர் அல்லர். தம் தோட்டத்துச் செடிகளை ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கியவர். பருத்த காய்களை மிகுதியாகத் தரும் செடிகளைத் தெரிந்தெடுத்து, அவற்றிலிருந்து சிறந்ததை மீண்டும் தெரிந்தெடுத்து, ஒரு புதிய ஏல இரகத்தை உருவாக்கினார். அவர் குடும்பப் பெயரால் அது 'ஞள்ளானி' எனப்படுகிறது. இன்று ஏலமலையில் மிகப் பரவலாகப் பயிரிடப்படும் இரகம் அதுவே. முறையான தொழில்நுட்பக் கல்வி பெறாத கண்டுபிடிப்பாளர்களை இனங்காண 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அவரது பணியைப் போற்றியது.

அவர் செய்தவற்றுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. ஏலத்தை விதை வழியாகவும் பெருக்கலாம். தூரிலிருந்து கிளைக்கும் தட்டைகளைப் பிரித்து நட்டும் பெருக்கலாம். விதையிலிருந்து வரும் கன்று தாய்ச்செடியைப் போலவே இருக்கும் என்னும் உறுதி இல்லை. ஏனெனில், தேனீக்கள் ஒரு செடியின் மகரந்தத்தை மற்றொரு செடிக்குக் கொண்டுசெல்கின்றன. தட்டையிலிருந்து வளரும் செடியோ தாய்ச்செடியின் பண்புகளை மாறாமல் கொண்டிருக்கும். ஞள்ளானி தட்டை வழியே பெருக்கப்பட்டதால்தான் அதன் சிறப்பு கெடாமல் தோட்டந்தோறும் பரவியது. உழவர் அனுபவத்தால் பற்றிய இந்த வழிக்கு மரபியல் காரணம் கூறுகிறது. இங்குக் கையறிவும் ஏட்டறிவும் பகைமை கொள்ளவில்லை. ஒரே உண்மையை இரு வாயில்களின் வழியே அடைந்தன.

ஆயினும், இதனைக் கொண்டு 'படிப்பு தேவையில்லை' என்று முடிவு செய்வது பிழையாகும். வென்றவரின் பெயர் நிலைத்து நிற்கிறது. அதே வழியில் முயன்று தோற்றவர்களின் பெயர்கள் நமக்குத் தெரிவதில்லை. ஒருவரின் வெற்றியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம், விதியாகக் கொள்ளலாகாது.

கைக்கு எட்டாதவை

கண்ணும் விரலும் அறிய இயலாதவையும் ஏலமலையில் உண்டு. ஏலச்செடியைத் தாக்கும் நோய்களுள் கொடியது 'கட்டே' எனப்படும் தேமல் நோய். இலையில் வெளிர்பச்சைக் கோடுகள் தோன்றும். செடி ஆண்டுதோறும் நலிந்து மடியும். கோடுகளை உழவர் எளிதில் கண்டுகொள்வார். ஆனால், நோய்க்குக் காரணம் ஒரு வைரசு என்பதும், அதனைச் செடிக்குச் செடி கொண்டுசெல்வது ஒருவகை அசுவினி என்பதும் ஆய்வால் மட்டுமே வெளிப்பட்டன. காரணம் தெரிந்த பிறகே தடுக்கும் வழியும் தெளிவாயிற்று. நோயுற்ற செடியைத் தூரோடு அகற்றவேண்டும். நாற்றங்காலை நோயுள்ள தோட்டத்திலிருந்து விலக்கி அமைக்கவேண்டும். இத்தகைய ஆய்வுகளுக்காகவே பாம்பாடும்பாறையில் 1956ஆம் ஆண்டிலும் மயிலாடும்பாறையில் 1978ஆம் ஆண்டிலும் ஏல ஆராய்ச்சி நிலையங்கள் நிறுவப்பட்டன.

மற்றொரு சான்று பூச்சிக்கொல்லி எச்சம். அளவுக்கு மீறித் தெளித்த மருந்தின் எச்சம் காயில் தங்கிவிடுகிறது. அதற்கு நிறமில்லை, தொட்டாலும் தெரியாது. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்னும் நுண்ணளவில் அதனை ஆய்வகம் கண்டறிகிறது. அயல்நாடுகள் விதித்துள்ள வரம்பை மீறிய சரக்கு திருப்பி அனுப்பப்படும். எத்தனை தேர்ந்த கையாயினும் இதனைக் கண்டறிய இயலாது. வேதியியல் படித்தவர் வேண்டும்.

சந்தையும் மாறிவிட்டது. முன்பு வணிகர்கள் ஓரிடத்தில் கூடிக் குரலெழுப்பி விலை கேட்டனர். இன்று, 1987இல் அமைக்கப்பட்ட நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மேற்பார்வையில், போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் மின்னணு ஏலம் நடைபெறுகிறது. வணிகர்கள் கணினியின் முன் அமர்ந்திருக்கின்றனர். ஒவ்வொரு குவியலிலிருந்தும் எடுத்த மாதிரிக் காய்கள் அவர்கள் கையில் தரப்படுகின்றன. ஒரு கை காயை அள்ளி நிறம், பருமன், மணம் ஆகியவற்றைக் கணிக்கிறது. மறு கை விசையை அழுத்தி விலை கேட்கிறது. கையறிவும் கணினியறிவும் ஒருவரிடமே வேண்டப்படும் காலம் வந்துவிட்டது என்பதை அவ்விரு கைகளும் காட்டுகின்றன.

இங்கு ஒரு பொதுவிதி புலப்படுகிறது. மீண்டும் மீண்டும் நிகழ்வதை அறியப் பட்டறிவு சிறந்தது. இதுவரை நிகழாத ஒன்றை எதிர்கொள்ளக் காரணம் அறிந்த கல்வி தேவைப்படுகிறது. 2018ஆம் ஆண்டின் பெருமழையும் 2024ஆம் ஆண்டின் கோடை வறட்சியும் ஏலமலையைத் தாக்கியபோது, முந்தைய ஆண்டுகளின் பழக்கத்தை மட்டும் நம்பியிருப்பது போதாது என்பதைத் தோட்டக்காரர்கள் உணர்ந்தனர்.

வேலை தருவோர் நோக்கு

வேலை தருவோர் விண்ணப்பதாரரின் திறமையை நேரே காண இயலாது. எனவே, திறமையைக் காட்டும் அடையாளங்களைத் தேடுகின்றனர். பட்டம் அத்தகைய அடையாளங்களுள் ஒன்று. பாடத்தில் கற்றவை வேலைக்கு நேரடியாகப் பயன்படாவிடினும், ஒன்றைத் தொடங்கி இடைவிடாது முயன்று முடிக்கும் ஆற்றல் இவருக்கு உண்டு என்பதைப் பட்டம் அறிவிக்கிறது. இக்கருத்தை 1973இல் விளக்கிய பொருளியல் அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 2001ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மற்றொரு பொருளியல் அறிஞரான கேரி பெக்கர், 1964இல் வெளியிட்ட நூலில், பயிற்சியை இருவகையாகப் பிரித்தார். எங்குச் சென்றாலும் பயன்படுவது பொதுப்பயிற்சி. ஒரு நிறுவனத்தில் மட்டுமே பயன்படுவது தனிப்பயிற்சி. கணக்கு எழுதத் தெரிவது முதல்வகை. ஒரு கிட்டங்கியில் எந்த மூட்டை எந்தத் தோட்டத்துடையது, எந்த வணிகர் எத்தகைய காயை விரும்புவார் என்று அறிந்திருப்பது இரண்டாம் வகை. தனிப்பயிற்சி மட்டும் உடையவர் அந்த இடத்தில் மதிக்கப்படுவார். இடம் மாறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடும். கிட்டங்கிக்கு நிறம் பிரிக்கும் எந்திரம் வரும்போது, தரம் பிரிப்பதை மட்டுமே அறிந்தவரின் பணி முதலில் ஆட்டம் காணும்.

இக்காரணங்களால் வேலைகளை மூவகையாகப் பகுத்துக் காணலாம்.

கல்வியே வாயிலாக அமைந்த வேலைகள்: மருத்துவர், செவிலியர், ஆசிரியர் முதலிய பணிகளுக்கு உரிய படிப்பு சட்டப்படி கட்டாயம். அரசுப் பணித் தேர்வுகளிலும் குறைந்தபட்சக் கல்வித்தகுதி வரையறுக்கப்பட்டுள்ளது. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அந்த வாயிலைக் கடக்கப் படிப்பே வேண்டும்.

செய்து காட்டுவதே சான்றாக அமைந்த வேலைகள்: தரம் பிரித்தல், உலர்த்துதல், தையல், தச்சு, பழுதுநீக்கல் போன்றவற்றில் வேலை தருவோர் முதலில் கையைத்தான் பார்ப்பார்.

இரண்டும் கலந்த வேலைகள்: தோட்ட மேலாண்மை, கொள்முதல், கணக்கு, ஏற்றுமதி, தரக்கட்டுப்பாடு ஆகியவை இவ்வகை. இங்குதான் போட்டியும் மிகுதி, குழப்பமும் மிகுதி.

மூன்றாம் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் காண்போம். போடியில் ஓர் ஏற்றுமதி வணிகர் கொள்முதல் உதவியாளரைத் தேடுகிறார். இருவர் வருகின்றனர். ஒருவர் பன்னிரண்டாம் வகுப்புக்குப்பின் மூன்றாண்டுகள் கிட்டங்கியில் பணியாற்றியவர். மற்றவர் அதே மூன்றாண்டுகளில் வணிகவியல் பட்டம் பெற்றவர். வணிகர் ஒரு தட்டில் காயைக் கொட்டித் தரம் கேட்கிறார். முதலாமவர் நொடியில் சொல்கிறார், இரண்டாமவர் தயங்குகிறார். பிறகு, சரக்கு சேவை வரிக் கணக்கையும் அயல்நாட்டு வாடிக்கையாளரின் மின்னஞ்சலையும் முன்வைக்கிறார். இப்போது இரண்டாமவர் விரைகிறார், முதலாமவர் தயங்குகிறார். யாருக்கு வேலை? மறுநாள் முதலே தரம் பார்க்க ஆள் வேண்டுமெனில் முதலாமவருக்கு. சில ஆண்டுகளில் வணிகத்தை விரிவாக்க ஆள் வேண்டுமெனில், கற்றுக்கொள்ள ஆறு மாதம் தந்து இரண்டாமவரைத் தேரக்கூடும். ஒருவேளை, கிட்டங்கியில் பணியாற்றிக்கொண்டே அஞ்சல்வழியில் வணிகவியல் படித்த மூன்றாமவர் ஒருவர் வந்தால், வணிகருக்குத் தயக்கமே இராது.

திருக்குறள், 'தெரிந்துவினையாடல்' என ஓர் அதிகாரத்தையே வகுத்து, எவர்க்கு எவ்வினை பொருந்தும் என ஆராய்ந்து ஒப்படைப்பதைப் பேசுகிறது. 'கல்வி'க்கு ஓர் அதிகாரமும், படித்தோர்வாய்க் கேட்டறியும் 'கேள்வி'க்கு வேறோர் அதிகாரமும் அதில் உண்டு. அறிவு வரும் வழி ஒன்றே என்று தமிழ் மரபு கருதவில்லை என்பதற்கு இது சான்று.

படிப்பை விட்டவர் தொடங்கிய கல்லூரி

கோவையைச் சேர்ந்த அறிவியலறிஞர் ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை இடையிலேயே விட்டவர். உணவகத்தில் வேலைசெய்து சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதனைப் பிரித்தும் பூட்டியும் எந்திரவியலைத் தாமே கற்றவர். அவரைக் காட்டிப் 'படிக்காமலே முன்னேறலாம்' என்பார் உளர். ஆனால், அவர் செய்தது வேறு. தம் முயற்சியாலும் பொருளாலும் கோவையில் பொறியியல் கல்லூரி உருவாகத் துணைநின்று, 1945இல் அதன் முதல்வராகவும் பொறுப்பேற்றார். நான்காண்டுப் படிப்பை இரண்டாண்டுகளில் கற்பிக்க இயலும் என்பது அவர் கருத்து. அரசு அதனை ஏற்காததால் பதவியை விட்டு விலகினார். அவர் கல்வியை மறுக்கவில்லை. கல்வி கற்பிக்கப்படும் முறையோடு வாதிட்டார். கையால் கற்ற ஒருவர், தம் பின்னோர் கல்லூரியிலும் கற்கவேண்டும் என விரும்பினார் என்பதே நாம் கொள்ளத்தக்க செய்தி.

இடைவெளியைக் கடக்கும் பாலங்கள்

'அனுபவம் இருந்தால்தான் வேலை. வேலை கிடைத்தால்தான் அனுபவம்' என்பது இளைஞர் பலரின் மனக்குறை. அக்குறையை நீக்கச் சில பாலங்கள் அமைக்கப்பட்டுள்ளன. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, நிறுவனங்களில் உதவித்தொகையுடன் தொழில் பழகலாம். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் படிக்கும்போதே திறன்பயிற்சி தருகிறது. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் பதிவோடு வழிகாட்டுதலையும் வழங்குகிறது.

மறுபுறம், கையறிவு உடையவருக்குச் சான்றிதழ் தரும் வழியும் உண்டு. ஏற்கெனவே கற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை, மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. வேலைக்குச் சென்றுவிட்டவர் படிப்பைத் தொடர, 1985இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின.

தெரிந்து தெளிவோம்

பத்தாம் வகுப்பையும், பன்னிரண்டாம் வகுப்பையோ அதற்கு இணையான படிப்பையோ முறையாக முடித்த பின்னர்ப் பெறும் பட்டமே தமிழ்நாடு அரசுப் பணிகளுக்கு ஏற்கப்படுகிறது. ஆகவே, எவ்வழியைத் தேர்ந்தாலும் மேல்நிலைப் படிப்பையோ அதற்கு இணையான படிப்பையோ நிறைவு செய்வது நன்று. மேலும், 14 வயது நிரம்பாதோரை வேலைக்கு அமர்த்துவதும், 18 வயது நிரம்பாதோரை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்துவதும் சட்டப்படி குற்றமாகும்.

எடையிடும் முறை

ஏலக்காயின் தரத்தை அளக்க 'லிட்டர் எடை' என்னும் முறை உண்டு. ஒரு லிட்டர் கொள்ளும் கலத்தில் காயை நிரப்பி எடை பார்ப்பர். பருத்த காயாயினும் உள்ளே விதை நிரம்பாவிடில் எடை குறையும். அதுபோலவே, பட்டத்தின் பெயரையும் அனுபவத்தின் ஆண்டுக்கணக்கையும் மட்டும் கொண்டு மதிப்பிடலாகாது. பத்தாண்டு அனுபவம் என்பது பத்து ஆண்டுகள் கற்றதாகவும் இருக்கலாம். ஓராண்டு கற்றதைப் பத்து முறை செய்ததாகவும் இருக்கலாம். பட்டமும் அவ்வாறே, கற்றுப் பெற்றதாகவும் இருக்கலாம், கடந்து வந்ததாக மட்டும் இருக்கலாம்.

ஒரு வழியைத் தேரும்முன் மாணவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் ஐந்து.

1. நான் விரும்பும் வேலைக்குச் சட்டம் வரையறுத்த கல்வித்தகுதி உண்டா?
2. இந்த வேலையில் நான் கற்பது வேறிடத்திலும் பயன்படுமா?
3. இந்தப் படிப்புக்கு ஆகும் செலவும் காலமும் எவ்வளவு? கடன் வாங்க நேர்ந்தால், படித்து முடித்தபின் அதனை அடைக்கும் வழி என்ன?
4. குடும்பத்துக்கு என் வருவாய் இப்போதே தேவையா? தேவையெனில், வேலையோடு படிப்பைத் தொடரும் வழி எது?
5. தொழில் மாறினால், எந்திரம் வந்தால், என்னிடம் எஞ்சி நிற்கும் அறிவு எது?

நான்காம் வினாவை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. வீட்டில் ஒருவர் நோயுற்றாலோ, ஒரு பருவத்து விளைச்சல் பொய்த்தாலோ, படிப்பைத் தேரும் உரிமை எல்லார்க்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. குடும்பத்துக்காக வேலைக்குச் சென்றவர் தோற்றவர் அல்லர். அவருக்கு வேண்டியது இரக்கம் அன்று; திரும்பி வரும் வாயில் அடைபடாதிருத்தலே ஆகும்.

அனுபவத்தை எழுத்தில் வைக்கும் திறமும் கற்கத்தக்கது. 'ஏலக்காய் வேலை தெரியும்' என்று எழுதுவதால் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு ஒன்றும் புலப்படாது. 'பருமன், நிறம், லிட்டர் எடை ஆகியவற்றின்படி தரம் பிரிப்பேன். நாள்தோறும் வந்த சரக்கின் எடையைப் பதிவேட்டில் எழுதி மாலையில் இருப்பைச் சரிபார்த்தேன்' என்று எழுதினால், அதே பணி திறமையாகப் புலப்படும். செய்ததைத் தெளிவாகச் சொல்லத் தெரிவது மொழிக்கல்வி தரும் பயன். 'பார்த்தாலே தெரியும்' என்று சொல்லும் அறிவைப் பிறர்க்கும் புரியும் சொற்களில் எடுத்துரைக்க வல்லவரே அதற்குரிய ஊதியத்தையும் கேட்க வல்லவராவர்.

நிறைவாக

போடியின் கிட்டங்கியில் அமர்ந்து தரம் பிரிக்கும் தாயின் அறிவு சிறியதன்று. அதற்குச் சான்றிதழ் இல்லை என்பதே குறை. அவர் மகள் கல்லூரிக்குச் செல்வது அந்த அறிவைக் கைவிடுவதற்காக அன்று. தாயின் கையறிவோடு காரணமறியும் கல்வியையும் சேர்த்துக்கொண்டால், ஆய்வகத்திலோ ஏலக் கூடத்திலோ தோட்டத்திலோ அவர் நிற்கும் இடம் உறுதியாகும். கல்வியா, அனுபவமா என்று ஒன்றை விலக்கி ஒன்றைத் தேரும் கேள்வியை, எதனை முதலில், எதனை அடுத்து, எவ்வளவு காலம் என்று வரிசைப்படுத்தும் கேள்வியாக மாற்றிக்கொள்வதே அறிவுடைமை. அவ்வரிசை ஒவ்வொருவர்க்கும் வேறுபடும். அதனைத் தாமே எண்ணித் துணிவதற்குரிய பருவம் மேல்நிலைக் கல்விப் பருவமே.

சொல்லும் பொருளும்

பட்டறிவு – அனுபவத்தால் பெறும் அறிவு. கிட்டங்கி – சரக்கு வைக்கும் கூடம். தட்டை – ஏலத்தின் தூரிலிருந்து கிளைக்கும் தண்டு. அசுவினி – செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி. எச்சம் – எஞ்சி நிற்பது. தொழில் பழகுநர் – வேலையிடத்தில் தொழில் கற்பவர்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் நெடுநாள் ஒரே தொழிலைச் செய்துவரும் ஒருவரைச் சந்தித்து, அவர் கண்ணாலும் கையாலும் அறிபவற்றைப் பட்டியலிடுக.
2. நாளிதழில் வெளிவந்த வேலைவாய்ப்பு விளம்பரங்கள் பத்தினைத் திரட்டி, இப்பாடம் கூறும் மூவகையுள் ஒவ்வொன்றும் எவ்வகையைச் சாரும் எனப் பகுத்துக் காட்டுக.
3. 'கொள்முதல் உதவியாளர் பணிக்கு உரியவர் யார்?' என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

பலவுள் தெரிக

1. ஞள்ளானி இரகத்தின் பண்பு மாறாமல் பரவியதற்குக் காரணம்
அ) விதை வழிப் பெருக்கம் ஆ) தட்டை வழிப் பெருக்கம் இ) மின்னணு ஏலம் ஈ) நிழல் மரங்கள்

2. ஒரு நிறுவனத்தில் மட்டுமே பயன்படும் பயிற்சி
அ) பொதுப்பயிற்சி ஆ) மொழிப்பயிற்சி இ) தனிப்பயிற்சி ஈ) கணினிப்பயிற்சி

குறுவினா

1. கையறிவின் இயல்புகள் மூன்றினைக் கூறுக.
2. 'லிட்டர் எடை' என்பது யாது?

சிறுவினா

1. பூச்சிக்கொல்லி எச்சத்தைக் கையறிவால் அறிய இயலாமைக்குக் காரணம் தருக.
2. ஜி.டி. நாயுடுவின் வாழ்வு கல்வி குறித்து உணர்த்தும் செய்தியை விளக்குக.

நெடுவினா

வேலை தேடும் ஒருவர் கல்வியையும் பட்டறிவையும் எவ்வாறு எடையிட வேண்டும் என்பதை உங்கள் ஊரின் தொழில் ஒன்றைச் சான்றாகக் கொண்டு கட்டுரைக்க.